இழந்து பின்வாங்குவதா, பின்வாங்கி இழப்பதா?

மலாயாப் போரைப் பலகை விளையாட்டாக ஆடும் ஒரு மேசை. வரைபடத்தில் ஈப்போவிலிருந்து கோலாலம்பூரை நோக்கி இறங்கும் பெருஞ்சாலை. சாலைமேல் ஒரே அறுகோணக் கட்டத்தில் மூன்று கவுண்டர்கள், அதாவது ஒவ்வொரு யூனிட்டையும் குறிக்கும் அட்டைத் துண்டுகள், அடுக்கி இருக்கின்றன. இரண்டு முழுப் பலத்தில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் 2 ஸ்டெப் (பலத்தின் அளவு). மூன்றாவது முந்தைய சுற்றிலேயே அடி வாங்கி, குறைந்த பலம் அச்சிட்ட பின்புறம் தெரியத் திருப்பி வைக்கப்பட்டது, 1 ஸ்டெப்தான் மிச்சம். மொத்தம் 5 ஸ்டெப். எதிராளி தாக்குகிறார், பகடை விழுகிறது, தற்காப்புத் தரப்பு தோற்கிறது. ரூல் புத்தகம் சொல்வது இவ்வளவுதான்: தோற்ற தரப்பு ஒரு ஸ்டெப் இழக்கவும் வேண்டும், இரண்டு கட்டம் பின்வாங்கவும் வேண்டும், பின்வாங்க முடியாமல் போகும் ஒவ்வொரு கட்டத்துக்கும் யூனிட் ஒரு ஸ்டெப் இழக்கும். பின்னால் முதல் கட்டம் காலியாக இருக்கிறது. இரண்டாவது கட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் எதிரியின் இசட்.ஓ.சி., அதாவது எதிரி யூனிட்டைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வளையம்.

அந்த அடுக்கில் எத்தனை ஸ்டெப் மிஞ்சும்?

தடைபட்ட ஒரு கட்டத்துக்கு அடுக்கு முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு ஸ்டெப் என்று படித்தால், மொத்த இழப்பு 2. உரிமையாளர் அடிபட்ட கவுண்டரை எடுத்துவிட்டு, முழுப் பலத்தில் உள்ள ஒன்றைத் திருப்புவார். மிச்சம் 3. ஒவ்வொரு யூனிட்டும் தனித்தனியே ஒரு ஸ்டெப் இழக்க வேண்டும் என்று படித்து, போர் இழப்பை முதலில் எடுத்தால், அடிபட்ட கவுண்டர் போர் இழப்பாகப் போய்விடும், பிறகு மற்ற இரண்டும் ஆளுக்கு ஒன்று இழக்கும். மிச்சம் 2. அதே வாசிப்பில் பின்வாங்கலை முதலில் நடத்தினால் மூன்றும் ஆளுக்கு ஒன்று இழக்கும். அடிபட்டது ஒழிந்து, மற்ற இரண்டும் திரும்பி, அதன்பின் போர் இழப்பும் வந்து இன்னொன்று போகும். மிச்சம் 1.

ஒரே வாக்கியம், ஒரே பகடை, மூன்று விடை. மூன்றையும் நேர்மையான ஆட்டக்காரர்கள் நேர்மையாகவே எடுத்துவைக்க முடியும். எல்லா யூனிட்டும் முழுப் பலத்தில் இருக்கும் ஆட்டத் தொடக்கத்தில் இந்தக் குழப்பம் பெரும்பாலும் வெளியே தெரியாது. அடிபட்ட கவுண்டர்கள் பலகையில் பெருகும்போதுதான், நாலாவது ஐந்தாவது சுற்றில், வெற்றி தோல்வியைத் தீர்க்கும் கட்டத்தில், அது தலைகாட்டும்.

நடுவர் போன பிறகு வந்த சிக்கல்

இந்த வகை விளையாட்டின் மூத்த வடிவம் பிரஷ்யப் படையின் கிரீக்ஸ்ஷ்பீல். இளைய ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட வடிவத்தில் வரைபடம், மரக்கட்டைகள், பகடை, இழப்பு அட்டவணை எல்லாம் இருந்தன. அவற்றோடு நடுவர் ஒருவரும் இருந்தார். தோற்ற படை எங்கே போகும் என்பதில் சந்தேகம் வந்தால் அவர் சொல்வதே முடிவு. 1876-இல் பிரஷ்ய அதிகாரி வெர்டி டு வெர்னுவா இன்னும் ஒரு படி போனார். அட்டவணையைக் குறைத்து, அனுபவமுள்ள அதிகாரியின் தீர்ப்புக்கே ஆட்டத்தை விட்டார். அங்கே பின்வாங்கல் விதி மொட்டையாக இருந்தாலும் பாதகமில்லை, ஏனென்றால் விதியை நிரப்ப ஓர் ஆள் மேசையருகே நின்றார்.

வீட்டு மேசைக்கு வந்த விளையாட்டில் அந்த ஆள் இல்லை. 1950-களில் சார்லஸ் ராபர்ட்ஸ் தொடங்கிய அவலோன் ஹில் பதிப்பக வரிசையில் போர் முடிவு அட்டவணை மிக எளிமையானது: தாக்கியவர் ஒழிந்தார், தற்காத்தவர் ஒழிந்தார், பரிமாற்றம் (இரு தரப்பும் இழப்பது), தாக்கியவர் 2 கட்டம் பின்னால், தற்காத்தவர் 2 கட்டம் பின்னால். 1961-இலிருந்து அறுகோணக் கட்டம் வழக்கமானது. அந்த அட்டவணையில் யூனிட் ஒன்று முழுசாக இருக்கும், அல்லது செத்துப்போகும், இடைநிலை கிடையாது. அதனால் ‘2 கட்டம் பின்னால்’ என்ற முடிவுக்கு ஒரே பொருள்தான்: உயிர் பிழைத்தாய், இடத்தை இழந்தாய்.

கவுண்டரின் பின்புறத்தில் குறைந்த பலத்தை அச்சிடும் ஸ்டெப் முறை இதோடு சேரும்போது, தோல்விக்கு இரண்டு விலை வந்துவிடுகிறது. ஒன்று ஆள் இழப்பு, மற்றது இட இழப்பு. ஒரு பின்வாங்கல் விதி புரியவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த விளையாட்டில் இடம் ஆளுக்கு மாற்றா, அல்லது இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டுமா?

மாற்று என்று கருதும் விளையாட்டுக்கு நல்ல உதாரணம் 1999-இல் வந்த பாத்ஸ் ஆஃப் குளோரி. முதல் உலகப்போரைப் பற்றியது. தோற்ற தற்காப்புப் படை பின்வாங்க வேண்டும். ஆனால் காடு, மலை, சதுப்பு, பாலைவனம், பதுங்குகுழி இவற்றில் இருந்தால் கூடுதலாக ஒரு ஸ்டெப் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்கலாம். இடத்தின் விலை ஒரு ஸ்டெப் என்று விதியே சொல்லிவிடுகிறது. அடிபட்ட படைகளைப் பற்றி அதில் இன்னொரு நுட்பமும் உண்டு. தாக்கியவர் வென்றிருந்தாலும், அவரிடம் முழுப் பலத்தில் ஒரு யூனிட்டாவது மிஞ்சியிருந்தால்தான் எதிரி பின்வாங்க வேண்டும். இழப்பைப் பங்கிட்டு எல்லா யூனிட்டையும் திருப்பிக்கொண்டவர் வென்றும் ஓர் அடி முன்னேற முடியாது. ஒன்றைக் காப்பாற்றி, மற்றொன்றின் மீது இழப்பைக் குவித்தவருக்கு இடம் கிடைக்கும். இதைக் கவனிக்காமல் ‘சமமாகப் பங்கு போடுவது நியாயம்’ என்று ஆடுபவர்கள் ஆட்டம் முழுக்கத் தடுமாறுவார்கள்.

இரண்டையும் சேர்த்து வாங்கும் விளையாட்டு 2004-இல் வந்த மெம்வார் 44. காலாட்படைக்கு 4 உருவம் (சிறு பொம்மை), டாங்கிக்கு 3, பீரங்கிக்கு 2. பகடையில் விழுந்த அடிகளை முதலில் கழிக்க வேண்டும். அதன் பிறகே பகடையில் விழுந்த கொடிச் சின்னங்கள்: ஒரு கொடிக்கு ஒரு கட்டம், தன் பக்கத்து விளிம்பை நோக்கி. போக முடியாத ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உருவம் கழியும். 4 உருவமுள்ள காலாட்படைக்கு ஓர் அடியும் இரண்டு கொடியும் விழுந்து, இரண்டாவது கட்டம் அடைபட்டிருந்தால் கணக்கு நேரானது: 4-இல் 1 போய் 3, ஒரு கட்டம் நகர்வு, மீண்டும் 1 போய் 2. இங்கே வாதத்துக்கே இடமில்லை. காரணம், வரிசை எழுதப்பட்டிருக்கிறது, கழியும் அலகும் எழுதப்பட்டிருக்கிறது, ஒரு கட்டத்தில் ஒரு யூனிட்தான் நிற்கலாம் என்பதால் அடுக்குக் குழப்பமும் இல்லை.

தமிழில் விளக்கும்போது என்ன ஆகிறது

ரூல் புத்தகங்கள் ஆங்கிலத்தில் வருகின்றன. பிரிக்ஃபீல்ட்ஸிலோ செந்தூலிலோ தமிழர் நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் விளக்கம் தமிழில்தான் ஓடும். புத்தகம் படித்தவர் ஒருவர், கேட்டு ஆடுபவர் மூவர். இந்த இடத்தில்தான் விதி சத்தமில்லாமல் மாறுகிறது. நம் மொழியின் இலக்கணமே மூன்று இடங்களில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

முதலாவது வரிசை. ஆங்கிலத்தில் இரண்டு வினைகளை ஒரு இணைப்புச் சொல்லால் கோத்தால் எது முந்தி என்பது திறந்தே இருக்கலாம். தமிழில் இயல்பாக வருவது வினையெச்சம்: ‘ஒரு ஸ்டெப் இழந்து ரெண்டு கட்டம் பின்வாங்கணும்’. ‘இழந்து’ என்றதுமே இழப்பு முதலில் நடந்து முடிந்துவிட்டது. விளக்கியவர் அப்படி முடிவு எடுக்கவில்லை, வாக்கியம் எடுத்துவிட்டது. மேலே பார்த்த கணக்கில் அது ஒரு ஸ்டெப் வித்தியாசம். புத்தகம் வரிசையைச் சொல்லாதபோது ‘இழக்கவும் வேண்டும், பின்வாங்கவும் வேண்டும்’ என்று உம்மை போட்டுச் சொல்வதுதான் நடுநிலை.

இரண்டாவது ஒருமை பன்மை. அஃறிணையில் ‘கள்’ விகுதி நமக்குக் கட்டாயமில்லை. ‘யூனிட் ஒரு ஸ்டெப் இழக்கும்’ என்றால் ஒரு யூனிட்டா, எல்லா யூனிட்டுமா? பேச்சில் ‘பத்து மாடு வந்தது’ என்பது பிழையில்லை. ரூல் விளக்கத்தில் அதே பழக்கம் மூன்று கவுண்டரின் உயிரோடு விளையாடும். ‘ஒவ்வொரு யூனிட்டும்’, ‘அடுக்கில் உள்ள ஏதாவது ஒரு யூனிட்’, ‘அடுக்கு முழுவதற்கும் சேர்த்து’ ஆகிய மூன்றில் ஒன்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘படை’ என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது. அது கவுண்டரையும் குறிக்கும், அடுக்கையும் குறிக்கும், முழுச் சேனையையும் குறிக்கும்.

மூன்றாவது ‘லாம்’. ஆங்கில விதியில் அனுமதியைக் குறிக்கும் சொல்லோடு எதிர்மறை சேர்ந்தால் அது தடை, ‘கூடாது’ என்று பொருள். அவசரத்தில் அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றுபவர் ‘பின்வாங்காமலும் இருக்கலாம்’ என்று சொல்லிவிடுவார், தடை விருப்பமாகிவிடும். ‘முடியாவிட்டால்’ என்பதும் அப்படித்தான் வழுக்கும். எதிரி வழியை அடைத்ததால் முடியவில்லை என்பது ஒன்று. போனால் நல்ல இடத்தை விட்டுவிட வேண்டுமே என்று போகாமல் இருப்பது வேறு. ‘அண்ணே, போக மனசில்லன்னா ஒரு ஸ்டெப் குடுத்துட்டு நிக்கலாம்தானே?’ என்று இளையவர் கேட்டால், புத்தகத்தைத் திறந்து அந்த ஒரு சொல்லை மட்டும் ஆங்கிலத்திலேயே படித்துக் காட்டுவது மேல். வழி இருக்கும்போது நிற்க அனுமதி என்று எழுதியிருந்தால் மட்டுமே அது விருப்பம். இல்லையென்றால் வழியுள்ளவன் போக வேண்டும்.

எதைச் ‘சேதம்’ என்று எண்ணுவது

சேதமடைந்த யூனிட்டுக்குத் தனி விதி உண்டு என்றால் சேதத்தின் வரம்பும், அதை அளக்கும் நேரமும் தெளிவாக வேண்டும். உருவங்களை வைத்து ஆடும் வார்ஹேமர் 40,000 விளையாட்டின் 2023-இல் வந்த பத்தாம் பதிப்பில் வரம்பு ‘பாதிக்குக் கீழ்’. 10 உருவத்தில் 5 மிஞ்சினால் அது பாதி. பாதிக்குக் கீழ் அல்ல. 5 உருவ யூனிட்டில் 3 மிஞ்சினால் தப்பித்தது, 2 மிஞ்சினால் மன உறுதிச் சோதனை. தனி உருவமாக நிற்கும் யூனிட்டுக்கு உருவங்களை எண்ணாமல் காயப் புள்ளிகளை எண்ண வேண்டும்: 12-இல் 6 மிச்சம் என்றால் சரி, 5 என்றால் கீழே. தலைவர் ஒருவர் சேர்ந்திருந்தால் தொடக்க எண்ணிக்கையில் அவரும் உண்டு. வழக்கமாகச் சோதனை நடப்பது உங்கள் கட்டளைக் கட்டத்தில், அதாவது உங்கள் சுற்றின் தொடக்கப் பகுதியில். அதனால் எதிரியின் சுற்றில் பாதிக்குக் கீழே விழுந்த யூனிட் அந்தக் கணமே சோதனைக்கு உட்படாது.

அந்தச் சோதனையில் தோற்ற யூனிட் கைகலப்பிலிருந்து விலகினால் ஒவ்வோர் உருவத்துக்கும் ஒரு பகடை. 1 அல்லது 2 விழுந்த ஒவ்வொரு பகடைக்கும் ஓர் உருவம் போகும். சோதனையில் தோற்காத யூனிட்டுக்கு, எதிரி உருவங்களுக்கு ஊடே கடந்துபோகும் உருவங்களுக்கு மட்டும்தான் இந்தப் பகடை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, விலகும் எல்லாருக்கும் பகடை உருட்டி ஆட்களைத் தூக்குவது அடிக்கடி நடக்கும் பிழை.

கவுண்டர் விளையாட்டில் வரும் சிக்கல் வேறு. ஒற்றை ஸ்டெப் மட்டுமே உள்ள சிறு யூனிட் முழுப் பலமா, குறைந்த பலமா? அதன் பின்புறம் வெறுமையாக இருக்கும். குறைந்த பலத்தின் அடையாளமாகப் பல பதிப்பாளர்கள் கவுண்டரில் ஒரு பட்டை அச்சிடுகிறார்கள். பட்டை இல்லாத ஒற்றை ஸ்டெப் கவுண்டரை முழுப் பலமாகவே கொள்ள வேண்டும் என்பது எங்கள் நிலை. ‘அடிபட்டது’ என்பது அதற்கு நேர்ந்த ஒன்றைக் குறிக்கிறது. பிறப்பிலேயே சிறியதாக இருப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்

அறுகோணக் கட்டம் ஒன்றைச் சுற்றி 6 கட்டம். அதற்கு அடுத்த வளையத்தில் 12. ‘இரண்டு கட்டம் பின்வாங்கு’ என்று மட்டும் எழுதியிருந்தால், யூனிட் அந்த 12-இல் ஒன்றில் முடியலாம். வளைந்து நடந்து முதல் வளையத்தின் 6-இல் ஒன்றிலும் முடியலாம். ஒரு கட்டம் போய்த் திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தாலும் சொல்லளவில் இரண்டு கட்டம்தான். கடைசி விடை யாருக்கும் ஏற்காது. நடுவில் உள்ளதுதான் தகராறு. நல்ல ரூல் புத்தகம் ‘புறப்பட்ட கட்டத்திலிருந்து இரண்டு கட்டத் தொலைவில் முடிய வேண்டும்’ என்று சேர்த்து எழுதும். எழுதவில்லையென்றால் அப்படியே கொள்வதுதான் சரி, ஏனென்றால் எண் குறிப்பது தோல்வியின் அளவை, கால் நடந்த தூரத்தை அல்ல.

இதற்கு ஒரு எளிய கைவேலை உண்டு. நகர்த்தும் முன் புறப்பட்ட கட்டத்தில் ஒரு 5 சென் காசை வையுங்கள். அடுக்கை நகர்த்திய பிறகு காசிலிருந்து எண்ணுங்கள். பினாங்குக் கடைவீட்டு மேல்மாடியில் கூரை விசிறி சுழலும்போது கவுண்டர் நகர்ந்துவிட்டால்கூடக் காசு நகராது. இரண்டு மூன்று அடுக்குகள் ஒரே சுற்றில் பின்வாங்கும்போது, எது எங்கிருந்து வந்தது என்ற நினைவுச் சண்டையையும் இது நிறுத்திவிடும்.

திசையை யார் தேர்ந்தெடுப்பது என்பது அடுத்தது. பழைய விளையாட்டுகள் சிலவற்றில் வென்றவர்தான் தோற்றவரின் கவுண்டரை நகர்த்துவார். அடிபட்ட யூனிட்டை வேண்டுமென்றே சதுப்புக்குள்ளோ எதிரி வளையத்துக்குள்ளோ தள்ளலாம். பிற்காலத்தில் பெரும்பாலும் உரிமையாளரே நகர்த்துகிறார், ஆனால் முன்னுரிமை வரிசைக்குக் கட்டுப்பட்டு: எதிரி வளையம் இல்லாத கட்டம், அடுக்கு வரம்பு மீறாத கட்டம், வழங்கல் மூலத்துக்கு (உணவும் தோட்டாவும் வரும் இடத்துக்கு) அருகிலுள்ள கட்டம் என்று அது போகும். இந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒரு விஷயம் பார்க்க வேண்டும். முதல் நிபந்தனைக்குப் பல கட்டங்கள் பொருந்தினால் மட்டுமே இரண்டாவது நிபந்தனை பேசும். வழங்கல் பாதை நன்றாக இருக்கிறதே என்று எதிரி வளையத்துக்குள் போக முடியாது.

1985-இல் வந்த அட்வான்ஸ்ட் ஸ்குவாட் லீடர் என்ற இரண்டாம் உலகப்போர் விளையாட்டு இந்த வகையில் மிகக் கண்டிப்பானது. மனம் உடைந்த குழு, தெரிந்த எதிரிக்குப் பக்கத்தில் இருந்தால் ஓடியே ஆக வேண்டும்; 6 நகர்வுப் புள்ளிகளுக்குள், அருகிலுள்ள கட்டடத்துக்கோ காட்டுக்கோ. ‘அருகில்’ என்பது கட்டங்களின் எண்ணிக்கை அல்ல, செலவாகும் நகர்வுப் புள்ளி. மேட்டுக்கு அப்பால் இரண்டு கட்டத்தில் இருக்கும் வீட்டைவிட, சாலையோரம் மூன்று கட்டத்தில் இருக்கும் வீடு அருகிலாகலாம். பார்வையில் உள்ள எதிரியை நெருங்கிப் போகும் வழி மூடியது. கட்டாயமாக ஓட வேண்டிய குழு ஓட வழியில்லையென்றால், சரணடையவில்லை என்றால், ஒழிந்தது. புதியவர்கள் இந்த விதிகளைக் கண்டு மலைப்பார்கள். ஆனால் எழுதியிருப்பதை அப்படியே நடத்தினால் தகராறு மிகக் குறைவு. நீளமான விதி சிக்கலானதுதான், தெளிவில்லாதது என்று சொல்ல முடியாது.

உருவங்களை வைத்து ஆடும் விளையாட்டில் கட்டம் இல்லை. ‘எதிரியிடமிருந்து நேர் எதிராக’ என்பார்கள். எதிரியின் எந்தப் புள்ளியிலிருந்து? யூனிட்டின் மையத்திலிருந்து மையத்துக்கு ஒரு கோடு இழுத்து, அதே கோட்டில் அப்பால் போவது பொதுவான வழக்கம். பகடை உருட்டும் முன்பே அளவுநாடாவை அந்தக் கோட்டில் வைத்துவிட வேண்டும். உருட்டிய பிறகு வைத்தால் கை தானாகவே சாதகமான பக்கம் சாயும்.

வழி அடைபட்டால்

அடைப்பு என்பதுதான் அடிபட்ட யூனிட்டைக் கொல்வது. முழுப் பலத்தில் உள்ளது ஒரு ஸ்டெப் கொடுத்துத் தப்பும். ஏற்கெனவே திருப்பியதற்குக் கொடுக்க எதுவும் இல்லை. அதனால் எது அடைப்பு, எது அடைப்பில்லை என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும்.

எதிரி யூனிட் நிற்கும் கட்டமும் கடக்க முடியாத நிலமும் அடைப்பு. இதில் பேச்சே இல்லை. எதிரி வளையம் முழு அடைப்பா, நுழைந்தால் ஒரு ஸ்டெப் போகுமா என்பது விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். அந்தக் கட்டத்தில் நம் யூனிட் ஏற்கெனவே நின்றால் வளையம் அங்கே செல்லாது என்று பல விளையாட்டுகள் சொல்லும். ஆனால் அந்தச் சலுகை வழங்கல் பாதைக்கு மட்டுமா, பின்வாங்கலுக்கும் உண்டா, சாதாரண நகர்வுக்கும் உண்டா என்று தனித்தனியே பார்க்க வேண்டும். வழங்கல் பகுதியில் எழுதியிருப்பதைப் பின்வாங்கல் பகுதிக்கு இழுத்துக்கொண்டு வருவது தவறு. புத்தகம் ஓரிடத்தில் சொல்லத் தெரிந்ததை இன்னோரிடத்தில் சொல்லவில்லையென்றால், சொல்லாததையே பொருளாகக் கொள்ள வேண்டும்.

நம் யூனிட்களே நிறைந்த கட்டம் இன்னொரு சிக்கல். கடந்து போகலாம், நிற்கக் கூடாது என்பது ஒரு மரபு. நின்றே ஆக வேண்டுமென்றால் இன்னொரு கட்டம் பின்னால் தள்ளுவது வேறொரு மரபு. உள்ளே இருப்பதை வெளியே தள்ளிவிட்டு இடம் பிடிப்பது மூன்றாவது. மூன்றாவதில் ஒரு தோல்வி நாலு அடுக்கை நகர்த்திவிடும். அதனால் விதி வெளிப்படையாக அனுமதித்தால் ஒழியத் தள்ளல் கிடையாது என்று வைத்துக்கொள்வதே நலம். இன்னொன்று: பின்வாங்கிப் போய் நின்ற கட்டம் அதே சுற்றின் போர்ப் பகுதியில் மறுபடி தாக்கப்பட்டால்? எஸ்.பி.ஐ. என்ற பழைய அமெரிக்கப் பதிப்பகத்தின் மரபில் வந்த விளையாட்டுகள் சிலவற்றில், வந்து சேர்ந்த யூனிட்டின் பலம் தற்காப்பில் சேராது, முடிவு மட்டும் அதையும் பாதிக்கும். இதைச் சொல்லாத புத்தகத்தில், கணக்கிடும் நேரத்தில் கட்டத்தில் இருப்பதெல்லாம் சேரும் என்று எடுப்பதே இயல்பான வாசிப்பு.

விதி மௌனமாக இருக்கும்போது, எந்த நிகழ்வைப் பலகைமேல் காட்ட அது எழுதப்பட்டது என்று பார்ப்பது உதவும். அதற்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. 1942 ஜனவரி 7 விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் ட்ரோலாக் அருகே சாலைத் தடைகளை உடைத்துக்கொண்டு இறங்கி, அன்று காலையிலேயே சிலிம் ரிவர் பாலத்தை முழுசாகப் பிடித்துவிட்டன. வடக்கே சாலையோரம் நின்ற, பிரிட்டிஷ் தரப்பின் 11-ஆம் இந்தியப் பிரிவின் படைகளுக்குப் பின்னால் இருந்த ஒரே வண்டிப் பாதை போய்விட்டது. காட்டுக்குள் நடந்து தப்பியவர்கள் உண்டு. வண்டிகளும் பீரங்கிகளும் தப்பவில்லை. நாலு நாளில், ஜனவரி 11-இல், கோலாலம்பூர் விழுந்தது. எதிரி வளையம் பின்வாங்கலை அடைக்கும் என்ற விதி காட்டுவது இதைத்தான். காலாட்படைக்கு ஒரு ஸ்டெப் தண்டனை, வண்டி யூனிட்டுக்கு முழு ஒழிப்பு என்று பிரித்து எழுதியிருக்கும் விளையாட்டு இந்தச் சாலையைச் சரியாகப் படித்திருக்கிறது என்று சொல்லலாம்.

கம்பார் இதற்கு நேர்மாறு. 1941 டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை அங்கே தற்காப்பு உறுதியாக நின்றது. கடற்கரை வழியே ஜப்பானியர் பின்னால் தரையிறங்கியதால்தான் விலக வேண்டி வந்தது. பலகைமேல் இது போர் முடிவால் வரும் பின்வாங்கல் ஆகாது. உரிமையாளர் தன் நகர்வுக் கட்டத்தில் தானே எடுக்கும் முடிவு. அப்படி விலகும் யூனிட்டுக்குப் பின்வாங்கல் தண்டனைகளை விதிக்கக் கூடாது. பல மேசைகளில் ‘பின்வாங்கல்’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பயன்படுவதால் இந்தத் தவறு நேர்கிறது. ஒன்றை ‘விலகல்’ என்றும் மற்றதைப் ‘பின்வாங்கல்’ என்றும் பிரித்துச் சொன்னாலே போதும்.

அதே கம்பாரில் போரிட்ட ‘பிரிட்டிஷ் பட்டாலியன்’ இன்னொரு விதியையும் விளக்குகிறது. ஜித்ராவில் டிசம்பர் நடுவில் நொறுங்கிய லெஸ்டர்ஸ், ஈஸ்ட் சர்ரேஸ் என்ற இரண்டு பட்டாலியன்களைச் சேர்த்து உருவாக்கியது அது. 6-ஆம், 15-ஆம் பிரிகேடுகளும் அப்படியே ஒன்றாக இணைக்கப்பட்டன. குறைந்த பலத்தில் உள்ள இரண்டு கவுண்டர்களைச் சேர்த்து ஒரு முழுக் கவுண்டராக்கும் விதி இருந்தால், அது எப்போது நடக்கும் என்பதே முக்கியம். பின்வாங்கி ஒரே கட்டத்தில் சேர்ந்த உடனே இணைக்கலாம் என்றால், தோல்வியே மருந்தாகிவிடும். போருக்கும் இணைப்புக்கும் நடுவில் எதிரிக்கு ஒரு சுற்றாவது கிடைக்க வேண்டும். விதி நேரம் குறிக்கவில்லையென்றால் அடுத்த சுற்றின் வலுவூட்டல் கட்டம்வரை காத்திருப்பதே பொருத்தம்.

மேசையில் தீர்ப்பது

தகராறு வந்ததும் பின்வாங்கல் பத்தியையே திரும்பத் திரும்பப் படிப்பதால் பயனில்லை. முதலில் சுற்றின் வரிசையைச் சொல்லும் பக்கத்தைத் திறங்கள்; இழப்பு முதலா, நகர்வு முதலா என்பது பாதி நேரம் அங்கே எண் போட்டு எழுதப்பட்டிருக்கும். அடுத்து சொல் விளக்கப் பகுதி: யூனிட் என்றால் கவுண்டரா, அடுக்கா. மூன்றாவது, புத்தகத்தின் கடைசியில் வரும் மாதிரி ஆட்டம். உதாரணப் படத்தில் எத்தனை கவுண்டர் திரும்பியிருக்கிறது என்று எண்ணினால் ஆசிரியர் மனதில் இருந்தது தெரிந்துவிடும். பதிப்பாளர் வெளியிட்ட திருத்தப் பட்டியல் இருந்தால் அது எல்லாவற்றுக்கும் மேல். பொது விதியும் சிறப்பு விதியும் மோதினால் சிறப்பு விதி.

இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் போதும். அதற்குள் விடை வராவிட்டால் இரண்டு வாசிப்பையும் ஒரு தாளில் எழுதி, பகடை உருட்டித் தேர்ந்தெடுங்கள். அந்த ஆட்டம் முடியும்வரை அதுவே சட்டம். எழுதாமல் விட்டால், இரண்டு சுற்று கழித்து எதிர்த்தரப்புக்கு அதே நிலை வரும்போது தீர்ப்பு மாறிப்போகும். தாளை விளையாட்டுப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

முதலில் பார்த்த பெருஞ்சாலை அடுக்குக்கு வருவோம். அந்தப் புத்தகத்தில் சுற்று வரிசை ‘இழப்பு, பிறகு பின்வாங்கல், பிறகு முன்னேற்றம்’ என்று போட்டிருந்தால், மிச்சம் 1 என்ற விடை அப்போதே விழுந்துவிடுகிறது. சொல் விளக்கம் யூனிட் என்றால் ஒற்றைக் கவுண்டர் என்று சொன்னால், மிச்சம் 3 என்பதும் போகிறது. எனவே, அடிபட்ட கவுண்டரைப் போர் இழப்பாக எடுத்துவிடுங்கள். மற்ற இரண்டையும் ஒரு கட்டம் தெற்கே நகர்த்துங்கள். இரண்டாவது கட்டத்துக்கு வழியில்லாததால் இரண்டையும் திருப்புங்கள். 2 ஸ்டெப் மிச்சம். தாக்கியவர் காலியான கட்டத்துக்கு முன்னேறலாம்; காசை எடுத்துவிட்டு அடுத்த போருக்குப் பகடையைக் கொடுங்கள்.